ஓடாய் சொன்ன ப்ரவுசர்

...ப்ரவுசர மாத்துன்னு சொன்னது எவன்? எங்க அக்கா புருஷன், ஓடாய்னு பேரு! அவன் பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னைச் செருப்பாலயே அடிக்கணும். கொஞ்சம் நகந்து உக்காருங்கக்கா, லேப்டாப் பை இடிக்குது. மேக்கு இது. நமக்கு சாவு போஸ்டர் அடிக்கிற தொழில். டெஷி ஊருல எந்தச் சுவத்துல செத்தவங்க சிரிச்சிட்டு நின்னாலும், அது நம்ம கைவேலதான்.

மேக்கோடயே ஒரு ப்ரவுசர் வருதுல்ல? அது போதும்னு ஆறு வருஷம் செவனேன்னு இருந்தேன். இவன் வந்து, "மச்சான், இன்னுமா அந்தக் கெழட்டுக் கழுதைய ஓட்டுற? புதுசு போடு, பறக்கும்"னான். போட்டேன். பறந்துச்சு... அத ஒத்துக்கணும். "பழைய ப்ரவுசர்ல இருந்ததெல்லாம் கொண்டு வரவா"ன்னு பவ்யமா வேற கேட்டுச்சு. வாடா ராசான்னு அமுக்கிட்டேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? லாபடி ஸ்டாப்பே இன்னும் வரல. உக்காருங்க.

எங்க குடும்பத்துக்குத் தலைவரு லார்யே பெரியப்பா. நாப்பது வருஷம், இப்ப நாம போற மாதிரி ட்ரோட்ரோ பஸ்ஸு ஓட்டினவரு. குடும்ப வீட்டுல ரோட்டப் பாத்த முன்னறை ஒண்ணு சும்மா கெடக்கு. அது மட்டும் கெடைச்சா என் கடை நிமிந்துரும்க்கா! ஞாயித்துக்கெழம கூட்டத்துல கேட்டுரலாம்னு, கடை எப்படி இருக்கும்னு காட்ட மேக்க டீவில மாட்டினேன். பதினேழு பேரு. கென்கே உருண்டையும் மீனும் தின்னுட்டு, ஏப்பம் விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. புது ப்ரவுசரத் தொறக்குறேன்... மொதப் பக்கத்துலயே, நான் அடிக்கடி பாக்குறதெல்லாம் பெருசு பெருசா படம் போட்டு நிக்குது! மொதப் படம்... சவப்பெட்டி. வெங்காயம் மாதிரி செஞ்சது. கீழ பேரு, "லார்யே பெரியப்பா பெட்டி".

மனுஷன் முன்னால உக்காந்து பல்லு குத்திட்டிருக்காரு!

ஆங்? அந்தப் பக்கத்தச் சேத்து வெச்சு பேரு போட்டது யாரா? ...நாந்தான். வேற யாரு? ஜனவரில மயங்கி விழுந்தாருல்ல... கடைசி நேரத்துல அலைய வேணாமேன்னு ஒரு முன்யோசனை. தப்பா? வெங்காயம் ஏன்னா... யாரோ செய்யச் சொல்லிட்டு வேணாம்னு விட்டது. பெட்டி செய்ற பட்டறைல ரெடியா நின்னுச்சு. அவங்க வெப்சைட்டுக்குத் தெனம் ஒரு தடவ போயி, இருக்கா வித்துருச்சான்னு பாத்துக்குவேன், அவ்வளவுதான்!

டீவிய அணைங்கடான்னா, இந்த ஓடாய் சத்தத்தக் கூட்டுறான்!

சாவுக்கு முன்னாலயே பெட்டி பாத்ததுக்குப் பெரியப்பா கோவிக்கலக்கா. "டேய் சோவா! மீன்காரனுக்கு மீனு மாதிரி பெட்டி, வாத்தியாருக்குப் பேனா மாதிரி. நாப்பது வருஷம் பென்ஸ் பஸ்ஸு ஓட்டினவன வெங்காயத்துலயா படுக்க வைப்ப? நாளைக்கே பட்டறைக்குப் போ. பஸ்ஸு மாதிரியே செய்யணும். ஹெட்லைட்டு எரியணும்"னாரு. அதான் அவரு அளவெல்லாம் எழுதிட்டு இந்தா போயிட்டிருக்கேன். நின்னு, படுத்து, திரும்பிப் படுத்து... ரெண்டு மணி நேரம் அளவு குடுத்தாரு!

நானும் வெக்கங்கெட்டுப் போயி, "சரி பெரியப்பா, அந்த முன்னறை...?"ன்னேன்.

"பஸ்ஸ வேற எங்கடா நிறுத்துறது? நான் ஏறுற வரைக்கும் அங்கதான் நிக்கும்"னாரு.

டாக்டர்கிட்ட விசாரிச்சேன்க்கா. பெரியப்பாவுக்கு இன்னும் இருபது வருஷம் தாராளமா ஓடுமாம்.