பதினேழாம் நம்பர் பூட்டு

மதியம் இரண்டரை மணி. ஆலைக்குப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் முள்வேலி... ஈ காக்கை இல்லை.

என்ன சிரிப்பு? பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? அதுவும் மூன்று ஷிப்டும் பார்க்கும். கரண்ட் வருகிறவரை பேசாமல் கேளுங்கள். கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

இது என் நண்பனின் அக்காள் வீட்டுக்காரருக்கு நடந்தது. அவன் அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் எல்லாருக்குமே அவர் அத்தான்தான். பெயிண்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அதாவது, மெஷினுக்கு நாடி பிடித்துப் பார்க்கிற வேலை. சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது... எல்லாம் கம்பி வழியாக கன்ட்ரோல் ரூம் திரைக்கு வந்து சேரும். வருவது நிஜமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. பொய் சொல்கிற மீட்டரை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்குப் பெயர்.

அந்த மதியம் அவர் நடந்துகொண்டிருந்தார். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. அவருக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாகவே அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. கொதிக்கிற டீயை அப்படியே குடித்துவிட்டு, நாக்கு வெந்ததை மறுநாள்தான் கவனித்தார். "உங்ககிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்றாள் மனைவி. "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

அங்கே மூன்றாம் நம்பர் மிக்சர் என்று ஒன்று. இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புத் தொட்டி, உள்ளே சுழலும் பெரிய கத்திகள். சுத்தம் செய்ய ஆள் இறங்க வேண்டுமென்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதன் கொண்டியில் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அது அவனவன் சட்டைப்பையில். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் மெஷின் ஓடாது. பூட்டு தொங்குகிறது என்றால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பதினேழாம் நம்பர் பூட்டு ஒரு ஃபிட்டருடையது. ஆலையில் அவரைச் சீப்பு என்பார்கள். தலையில் இருந்த முடியை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் சீப்பைக் குழாயில் நனைத்து, தலை வாராமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். தொட்டிக்குள் வேலை செய்யும்போது, அவ்வப்போது சீப்பின் பற்களைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுப்பார். ட்ர்ர்ர்... உள்ளே நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

நல்ல மனிதர், மறதிக்காரர். இரண்டு முறை பூட்டைத் திறக்க மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மூன்றாவது முறையும் அப்படித்தான் என்று அத்தான் நினைத்தார். மாலை ஐந்து நாற்பது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கொண்டியில் பதினேழு மட்டும். இப்படி நேர்ந்தால் பதினோரு படி ஏறி, தொட்டியின் வாய் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டை வெட்ட வேண்டும். அத்தான் ஏறவில்லை. கீழே நின்று "சீப்பு..." என்று ஒரு குரல் கொடுத்தார். பக்கத்தில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. பதில் ஏதும் கேட்கவில்லை. பூட்டை வெட்டினார். நாளைக்குக் காட்டிக் கிண்டல் செய்யலாம் என்று பையில் போட்டுக்கொண்டார். கன்ட்ரோல் ரூமுக்குப் போய் மெஷினை ஓட்டிப் பார்த்தார்.

வெறும் தொட்டி இருபது ஆம்பியர் இழுக்கும். திரையில் இருபது... முப்பத்திரண்டு... மறுபடி இருபது.

அந்த ஒரு நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது பொய் சொல்லாத மீட்டர். அவரே சரிபார்த்து வைத்தது.

விசாரணையில் பொய் சொன்னது மீட்டர் இல்லை. "கொண்டியில பூட்டே இல்லைங்க" என்றார் அத்தான். மறதிக்காரர், பூட்டுப் போடாமல் இறங்கிவிட்டார் என்று எழுதினார்கள். பழி செத்தவர் தலையில் விழுந்தது. சீப்பின் மனைவி அழவில்லை. அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, அவர் பூட்டுப் போட்டாரா? அது மட்டும் சொல்லுங்க. அஜாக்கிரதையா செத்துட்டார்னு எல்லாரும் சொல்றாங்க. என் புள்ளையும் அதையே நம்பறான்."

"நான் பார்க்கலைக்கா."

அன்றைக்கு மரத்துப்போனவர்தான்.

அதற்குப் பிறகு, தினமும் ஐந்து நாற்பதுக்குத் திரையில் ஒரு மேடு. மெஷின் நின்றிருக்கும், சுவிட்ச் அணைந்திருக்கும்... ஆனால் கோடு சரியாகப் பன்னிரண்டு ஏறி இறங்கும். அத்தான் சென்சாரை மாற்றினார். கம்பியை மாற்றினார். "எர்த் சரியில்லைன்னா கம்பில பேயே வரும்யா" என்று சூப்பர்வைசர் சிரித்தார். எர்த்தையும் தோண்டிப் புதிதாகப் போட்டார்கள். மறுநாள் ஐந்து நாற்பது. பன்னிரண்டு.

சரி... அந்த மதியத்துக்கு வருவோம். வருடாந்திர ஷட்டவுன். ஆலை முழுக்க நிறுத்தம். கம்ப்ரசர்கூட ஓடவில்லை. மூன்றாம் நம்பர் தொட்டிக்குள் சூடு பார்க்கும் சென்சாரை மாற்ற வேண்டும். அத்தானோடு சேர்த்து நாலு பேர். நாலு பூட்டு. சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்துத்தான் இறக்கினார். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியைத் துணியால் துடைத்துவிட்டு, ஐந்தரைக்கு நாலு பேரும் வெளியே வந்தார்கள்.

ஒருவர் பூட்டைத் திறந்தார். இரண்டாமவர் திறந்தார். மூன்றாமவர். கடைசியாக அத்தான்.

கொண்டியில் இன்னும் ஒன்று தொங்கியது.

பதினேழு. வெட்டின தடமே இல்லை. தின்னர் நெடிக்கு நடுவே லேசாகத் தலை எண்ணெய் வாசனை.

"யாருய்யா இன்னும் உள்ள?" என்றார் சூப்பர்வைசர். கேட்டுவிட்டு அவரே தலைகளை எண்ணினார். நாலும் எதிரே நின்றன. ஆலை அப்படி ஓர் அமைதியில் இருந்து யாரும் பார்த்ததில்லை.

மேலே, தொட்டிக்குள்...

ட்ர்ர்ர்.

மற்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். அத்தான் மட்டும் பையைத் திறந்து கைவிட்டுத் துழாவினார். வெட்டின பூட்டு ஒரு வருடமாக அடியில் கிடந்தது. அது இல்லை.

"நான் ஏறிப் பார்க்கறேன்" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணிக்கொண்டே ஏறினார். பதினோராவது படியில் நின்று டார்ச் அடித்தார். யாரும் இல்லை. துடைத்த இரும்பு பளபளத்தது. அடியின் நடுவில் ஒரு சின்னச் சாவி.

இறங்கி எடுத்தார். கை சுட்டது. ஒரு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு ஏதோ சுட்டது. ஆனாலும் விடவில்லை. கீழே வந்து சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு சுலபமாகத் திறந்தது. கடிகாரத்தில் ஐந்து நாற்பது. அன்று திரையில் மேடு வரவில்லை.

நேராகச் சீப்பின் மனைவி வீட்டுக்குப் போனார். பையன் விளையாடப் போயிருந்தான். கண்ணாடிக்குக் கீழே பலகையில் ஒரு சீப்பு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... அவர் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார். பூட்டையும் சாவியையும் தரையில் வைத்தார்.

"அக்கா... அவர் பூட்டுப் போட்டிருந்தார். நான்தான் வெட்டினேன். மேல ஏறிப் பார்க்கலை. நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன். புள்ளைகிட்டயும் நானே சொல்றேன்."

அக்கா பூட்டைக் கையில் எடுத்தார். நம்பரை விரலால் தடவினார். முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"பதினோரு படிதானே தம்பி" என்றார். "பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சே."

அக்கா அந்த ஆலைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கத்தான் அன்று படி ஏறவில்லை என்பதை, அந்த நிமிடம்வரை, அத்தான் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.