பதினோராவது எபிசோட்டில் ஷியோ சொன்னது

இந்த அனிமே குழுவில் நான் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள். நேற்று மதுசன் என்ற பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவேண்டும் போல இருந்தது. இரண்டாவது சீசனில் அந்தச் சிநேகிதிகளின் பகை நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது கேள்வி. எல்லோரும் இல்லை என்கிறீர்கள். முதல் சீசனில் அவ்வளவு நல்லவளாக இருந்த ஷியோ, படகுப் போட்டியில் ஹானே வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்தாள் என்பதற்காக ஹானேயின் துடுப்பை அரத்தால் அராவி வைப்பாளா, பிறகு அதே கையால் சோறும் ஊட்டுவாளா, நம்பமுடியவில்லையே என்கிறீர்கள்.

பத்தாவது எபிசோட் வரைக்கும் மிகச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகள். பிழை வந்தது பதினோராவதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவள். பக்கத்து வீட்டு இராசமலர் முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். அவளுக்குக் கண்ணில் அழுத்தம். வலி கிடையாது, ஓரத்திலிருந்து பார்வை மெல்ல மெல்லக் கழன்றுபோகும். பின்னேரம் ஆறு மணிக்கு ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டால் அப்படியே நிற்கும், ஒரு நாளும் தவறக்கூடாது என்றார் டொக்டர். அவளுக்குக் கை நடுங்கும் என்பதால் நான்தான் விடுவேன். பிறகு என் டப்பின் சின்னத் திரையில் இந்தத் தொடரின் முதல் சீசனைப் பார்ப்போம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடும் வரியை நான் தமிழில் சொல்வேன். அந்தப் பிள்ளைகள் சண்டை பிடித்தால் "கோவம்" என்பேன், சேர்ந்தால் "நேசம்" என்பேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான். கோவம் என்றால் கதை பேச்சு இல்லை. நேசம் என்றால் சின்ன விரலைக் கொழுவவேண்டும். அறுபது வருடமாக எங்களுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

பிறகு இராசமலரின் மேல்மாடிக்கு ஜுமானா குடிவந்தாள். கிண்ணியாப் பிள்ளை, யப்பான் மொழி படிப்பிக்கிறவள். ஒரு நாள் எங்களோடு இருந்து பார்த்தாள்.

"அன்ரி, அவ கோவம் எண்டு சொல்லேல்ல," என்றாள், மிகவும் பணிவாக. "நீ இல்லாட்டி எனக்கு இந்தக் கடல் பெரிசாப் போயிடும் எண்டு சொல்றா."

இராசமலர் கை தட்டிச் சிரித்தாள். "எடி லோகா, நீ இவ்வளவு நாளும் எனக்குத் தந்தியெல்லோ அடிச்சிருக்கிறாய்!"

நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் பெரிய ரீவியில் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள், சுவரோரமாக. ஜுமானா ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு குரலில் பேசிக் காட்டுவாள். இராசமலர் திரையைப் பார்ப்பாள், ஜுமானாவைப் பார்ப்பாள், திரும்பவும் திரையைப் பார்ப்பாள்.

ஆறு மணிச் சொட்டு மட்டும் என்னிடம் இருந்தது.

பெரிய ரீவி தேவைப்படாத ஒருத்திக்குச் சின்ன டப் போதும் என்று யோசித்தேன். மருந்தைக் கீழே ஊற்றிவிட்டுக் குப்பியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். கண்ணுக்குள் கிருமி போய்விடக்கூடாது அல்லவா. மாதாமாதம் புதுக் குப்பி வரும். மாதாமாதம் கழுவினேன். ஷியோ அரத்தை எடுக்கும்போது அவள் முகத்தில் கோபமே இல்லை என்று குறை சொல்லியிருக்கிறீர்கள். இருக்காது. கவனம்தான் இருக்கும்.

சில மாதங்களில் இராசமலர் வாசல் படலையடியில் படுத்திருந்த, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மானொன்றில் தடுக்கி விழுந்தாள். "இது எப்ப வந்தது?" என்று கேட்டாள். அது காலையிலிருந்தே அங்கேதான் கிடந்தது. கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"மருந்து ஒழுங்கா விடுறீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு நாளும் தவறேல்ல, டொக்டர். மழை எண்டாலும் இவ குடையோட வந்திடுவா," என்றாள் இராசமலர்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

டொக்டர் மருந்தை மாற்றினார். புதுக் குப்பியின் மூடி கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். சித்திரையில் ஜுமானாவுக்கு யப்பானில் வேலை கிடைத்தது. போகும்போது இராசமலரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்போது இராசமலருக்கு அவளுடைய முகம் தெரியவில்லை.

இரண்டாவது சீசனை நாங்கள் இருவரும் டப்பிலேயே பார்த்தோம். துடுப்பை அராவிய இடத்தை நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டேன். பதினோராவதில் ஷியோ இறங்குதுறையில் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். ஐந்து நிமிடம் அழுகிறாள்.

"என்னடி இவ்வளவு நேரம் அழுறாள்? என்ன சொல்றாள்?"

"நேசம் எண்டு சொல்றாள்."

"அவ்வளவோ? இவ்வளவு நீட்டுக்கு?"

"அவ்வளவுதான்."

இராசமலர் சிரித்துக்கொண்டு சின்ன விரலை நீட்டினாள், சுவர்ப் பக்கமாக. நான் என் கதிரையை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு விரலைக் கொழுவினேன்.

ஆகவே மதுசன், பிழை அந்த ஒப்புதலில்தான். அதையெல்லாம் சொல்லிச் சிநேகிதியின் மனதை நோகடிக்க எந்த நல்ல சிநேகிதியும் நினைக்கமாட்டாள். இங்கே எழுதினால் பரவாயில்லை. இராசமலரால் வாசிக்க ஏலாது. அவளுக்கு யாராவது வாசித்துச் சொல்வதென்றால், அது நான்தான்.