மேல ஒட்டின விலை

ஹலோ... ஹலோ... நான்தான். நான்தாம்மா, வேற யாரு... கேக்குதா?... மெதுவாத்தான் பேச முடியும். மாடிப்படியில நின்னு பேசறேன்...

ஆமா, ஆமா, அந்த வீடு விக்கற ஆபீஸ்லதான்... இல்ல, உன் புள்ளையும் மருமகளும் உள்ளதான் இருக்காங்க. ஏசியில உக்காந்து காபி குடிக்கறாங்க. நான் பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு இப்படி வந்துட்டேன்...

குடிச்சேன், குடிச்சேன். அதை விடு. நான் சொல்றதைக் கேளு. நீ உடனே அவனுக்கு ஒரு போன் போடு. போட்டு, எனக்கு நெஞ்சு... வேண்டாம், நான்தான் இங்க இருக்கேனே. உனக்குத் தலை சுத்துதுன்னு சொல்லு. எல்லாரும் கிளம்பி வாங்கன்னு சொல்லு...

ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்லடி! குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அதான் கஷ்டமே...

ஏன்னா... பொறு, யாரோ வராங்க... போங்க சார், போங்க... போயிட்டார்.

பணம் பத்தலை.

இல்ல, கொஞ்சம் குறையுதுன்னு இல்ல. யானைப் பசிக்குச் சோளப்பொரி... ஆமா, அவன் வாங்கற வீட்டுக்குப் பாதி என் பொறுப்புன்னு சொன்னேன். சம்பந்தி முன்னாடிதான் சொன்னேன். மீசையைத் தடவிக்கிட்டுத்தான் சொன்னேன். எல்லாம் ஞாபகம் இருக்கு, நீ வேற எடுத்துக் குடுக்காத... பாதியும் இல்ல, பாதியில பாதியும் இல்ல.

எவ்வளவா? உன்கிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கேனா, இப்ப சொல்ல... சரி. சரி, கேளு. இங்க ஒரு பொண்ணு இருக்கா, விலை சொல்ற பொண்ணு. சுவத்துல பலகை மாட்டி எல்லாத்தையும் வரிசையா ஒட்டி வச்சிருக்கா. மூணு ரூம் வீடு இவ்வளவு, ரெண்டு ரூம் இவ்வளவுன்னு. நான் மேலேருந்து ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே வரேன், நம்ம தொகை எங்கயாவது வருதான்னு. கடைசி வரியில வந்துச்சு.

வீடு இல்லம்மா. கார் நிறுத்தற இடம்.

ஆமா. கூரை போட்டதுகூட இல்ல. வெறும் தரையில ரெண்டு மஞ்சக் கோடு.

...ஹலோ? சிரிக்கறியா?... சிரி, சிரி. நம்மகிட்ட சைக்கிள்கூட இல்ல, ஆமா...

பணமா? எங்க இருக்கும், என் கையிலதான் இருக்கு. நேத்தே பாங்க்ல மொத்தத்தையும் எடுத்துட்டேன். நான் கடைக்குக் கொண்டு போவேனே, அந்தச் சாப்பாட்டுப் பை, அதுலதான். செக்கா குடுத்திருக்கலாம்தான். மேஜை மேல தொப்புனு வைக்கணும்னு ஆசைடி. அவன் முகத்தைப் பாக்கணும்னு... அந்தப் பொண்ணு பையைப் பாத்துட்டு, "சாப்பாடா சார், ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டுமா"ன்னு கேக்கறா. மருமக முகத்தைத் திருப்பிக்கிட்டா. சிரிப்பை அடக்கறாளோ என்னவோ. நான் பையை மடியில இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

உன் புள்ள விலையைச் சொல்லாம இல்ல. சொல்ல வந்தான், ரெண்டு மூணு தடவை வந்தான். நான்தான் விடல. "ரேட்டைப் பத்தி என்கிட்ட பேசாத, முப்பது வருஷம் கடையில விலை போட்டவன்டா நான்"னு வாயை அடைச்சுட்டேன். ஊருக்கு வெளிய ரெண்டு ரூம், என்ன பெருசா இருந்துடப்போகுதுன்னு நெனச்சேன்...

அதைச் சொல்லாத. அன்னிக்கு விலைக்கு வந்த மூலை வீட்டைப் பத்தி மட்டும் இப்ப பேசாத... தெரியும். நீதான் பாத்த. நீதான் சாவி வாங்கித் திறந்து காட்டின. வெயில்ல என்னை இழுத்துட்டுப் போயி, இங்க அடுப்பு, இங்க வரப்போற பேரப்புள்ளைக்குத் தொட்டில்னு காட்டின. அன்னிக்கு இந்தப் பையில இருக்கற காசுக்கே அந்த வீடு வந்திருக்கும், மிச்சத்துக்கு உன் பல்லும் கட்டியிருக்கலாம்... நான் என்ன சொன்னேன்? "ஏறினது இறங்கித்தானே ஆகணும், கொஞ்சம் பொறு"ன்னேன். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னேன். வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு உனக்கு, திட்டியிருக்கலாமில்ல?... திட்டினியா? ஆமா, திட்டின.

எங்கப்பா ஒரு வருஷச் சம்பளத்துல வீடு வாங்கினாரு, கிணறோட. நான் முப்பது வருஷம் சேத்து ரெண்டு மஞ்சக் கோடு. இவன் இன்னும் வாங்காத சம்பளத்தையெல்லாம் பாங்குக்கு எழுதிக் குடுத்துட்டு நிக்கறான்...

இல்ல, கிளம்பி வந்துடவும் முடியாது. அதான் சிக்கல். என் வார்த்தையை நம்பி இவன் முன்பணம் கட்டிட்டான். மீதியைக் கட்டலேன்னா அது திரும்ப வராதாம். பின்பக்கம் ஒத்த ரூம் வீடு ஒண்ணு இருக்கு, ஜன்னலைத் திறந்தா சுவரு. முன்பணத்தை அதுக்கு மாத்திக்கலாமாம். பாங்க் குடுக்கறது போக இந்தப் பை சரியா இருக்கும். ஆனா இன்னிக்கே சொல்லணும், நாளைக்குப் புது ரேட்டு...

போயி சொல்லுன்னா? என்னன்னு சொல்றது? "அப்பாகிட்ட இவ்வளவுதான்டா"ன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? சைக்கிள் கேட்டான், வீட்டுக்குச் சேக்கறேன்னேன். காலேஜ் டூர் கேட்டான், வீட்டுக்குச் சேக்கறேன்னேன். உனக்கு ரெண்டு கடவாப்பல்லு போயி ஒரு பக்கமாவே மெல்லற...

சும்மா இரு, அதெல்லாம் பரவாயில்லன்னு சொல்லாத. நீ திட்டினா தாங்கிக்குவேன்.

இன்னொண்ணு சொல்லட்டா?... யார்கிட்டயும் சொல்லமாட்டியே? அந்தப் பலகை கிட்ட போயி நின்னேனா, லேபிள் ஓரம் லேசா பேந்திருந்துச்சு. பழக்கதோஷம், கை சும்மா இருக்குமா, நகத்தால நோண்டிட்டேன். கீழ இன்னொரு லேபிள். அதுக்குக் கீழ இன்னொண்ணு. எல்லாம் இந்த வருஷத்துதான். "சார், கிழிக்காதீங்க சார்"னு அந்தப் பொண்ணு ஓடி வரா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, சின்னப் புள்ளையாட்டம் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னேன்.

அப்பதான் சுருக்குன்னுச்சு. இதே வேலையைத்தானே நானும் பாத்தேன்? மாசம் பொறந்தா சோப்பு, எண்ணெய், சீனி, தீப்பெட்டி, எல்லாத்துலயும் பழைய விலை மேல புது விலையை என் கையால ஒட்டுவேன். பகல் பூரா ஒட்டிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து உன்னை நிக்க வச்சுக் கேப்பேன், "குடுத்த காசெல்லாம் எங்கடி போச்சு, சோப்பு எப்படி அவ்வளவு ஆகும்"னு... கேட்டேனில்ல? மாசாமாசம் கேட்டேன். நீ பாத்திரத்தை எடுத்துக்கிட்டு உள்ள போவ. உனக்குத் தெரியும் யாரு ஒட்டினான்னு. அப்படித்தானே?...

...

ஹலோ?... இருக்கியா?... உன் முகத்துல முழிக்க முடியலம்மா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியுது.

ம்... ம்... இரு, இரு. கதவு திறக்குது... அவன்தான்.

வரேன்டா தம்பி, அம்மாதான் லைன்ல... இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா காத்தாட... இல்லடா, அழல. படியில ஒரே தூசி.

...என்னம்மா? ம். சரி. சொல்றேன். நீ வச்சுடாத, லைன்லயே இரு.

தம்பி, இந்தா. இந்தப் பையைப் புடி... சாப்பாடு இல்லடா. பிரிச்சுப் பாரு... எண்ணாத. எண்ண வேண்டாம். மொத்தமே அதான். பாதின்னு சொன்னேன் பாரு, அதெல்லாம் வெத்து ஜம்பம். அப்பாகிட்ட இதுக்கு மேல ஒரு காசு கிடையாது. எல்லாத்துக்கும் உங்களை வயித்தைக் கட்ட வச்சு, கடைசியில...

...

பையை ஏன்டா மூடற? திட்டவாவது செய்யி.

...

என்னது?... என்ன சொன்ன? திரும்பச் சொல்லு...

ஏய், கேட்டியாடி? உன் புள்ள சொல்றதைக் கேட்டியா? முன்பணம் போனா போகட்டுமாம். என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு சொல்றான்... "ஏறினது இறங்கித்தானேப்பா ஆகணும், கொஞ்சம் பொறுப்போம்"ங்கறான்...

டேய், வேண்டாம்டா. அந்த வார்த்தையை நீ சொல்லாத. நான் சொல்லிச் சொல்லித்தான் உன் காதுல ஏறியிருக்கு, தெரியும். அதை இந்தப் படியிலயே விட்டுட்டு வா. அந்த ஒத்த ரூமை இன்னிக்கே எழுதிக் குடு... சுவரு தெரிஞ்சா தெரியட்டும்டா, நான் வந்து வெள்ளையடிச்சுத் தரேன்...

இறங்காதுடா. நான் சொல்றேன், கேளு. முப்பது வருஷம் இந்தக் கையால ஒட்டியிருக்கேன். ஒருநாள், ஒரே ஒரு நாள்கூட, சின்ன நம்பரை மேல ஒட்டினதில்லடா.

...வைக்கறேம்மா. உள்ள போறோம்.