அரளின்னு பேரு வச்ச கேசட்

இல்ல சொர்ணம் அத்தை, உக்காருங்க. வந்ததும் வராததுமா எந்திரிச்சா எப்படி? பம்பூஃப்ளாட்டுக்குப் படகு இருட்டுற வரைக்கும் ஓடும். சாத்தம் ஜெட்டி வரைக்கும் நானே வந்து ஏத்தி விடுறேன். ஃபேன இந்தப் பக்கம் திருப்பவா? வேணாமா, டீக் ஹை.

எதுக்குக் கூப்பிட்டேன்னா, சொல்றேன். இந்த ரூம வைஜெயந்தி மேடம் வாடகைக்கு எடுத்திருக்காங்க. மெயின்லேண்ட்ல புரபசர். சமூகவியல். அப்படின்னா என்னன்னு நானும் கேட்டேன். மத்லப், சனங்க எந்தச் சாமியக் கும்பிடுறாங்க, யாரு வீட்டுல கை நனைப்பாங்க, யாரு வீட்டுல நனைக்க மாட்டாங்க, அதெல்லாம் படிக்கிறதாம். அதுக்கு எதுக்குங்க காலேஜு, எங்க குழாயடியில ஒரு கொடத்தோட நின்னாப் போதாதான்னேன். சிரிச்சாங்க. கோவமே வராது அவங்களுக்கு, அதான் கஷ்டம்.

ஆமா, அவங்களேதான். சுனாமிக்கு முந்தி நம்ம கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு டேப்பு தூக்கிக்கிட்டு வந்து, லயத்துல வீடு வீடா உக்காந்திருந்துச்சே ஒல்லியா ஒரு பொண்ணு. இப்ப குண்டாயிட்டாங்க. அப்ப அவங்களும் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சிலோன்லேர்ந்து கப்பலேறி வந்த கத, கல்யாணம், சாவு, திருவிழா, எல்லாத்தையும் நம்ம ஆளுங்க வாயால பிடிச்சிட்டுப் போயி எழுதித்தான் டாக்டர் பட்டம். அப்புறம் வேல, அப்புறம் புஸ்தகம். இன்னைக்கும் கிளாசுல அந்தக் கேசட்டப் போட்டுத்தான் பாடமாம். பேசினவங்கள்ல பாதிப்பேரு அலையில போயாச்சு. செத்தவங்களப் பேசவிட்டுத்தான் பொழைக்கிறீங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். என்ன அத்தை மொறைக்கிறீங்க, மனசுல பட்டதக் கேட்டேன். மேடம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் டீ குடிக்கிறியான்னு கேட்டாங்க.

என் வேலையா? கேட்டு எழுதுறது. கேசட்டெல்லாம் சத்தம் தேஞ்சுக்கிட்டே வருதாம், மொத்தமாப் போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அவங்க ஸ்டூடண்டுங்க உக்காந்து பாத்திருக்காங்க. காலையில பெரட்டுக்கு லேட்டாப் போனேன், கங்காணி பேரு போடாம வெரட்டிட்டான்னு ஒருத்தர் சொன்னா, அதுங்களுக்கு ஒரு எழவும் வெளங்கல, பெரட்டுன்னா காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற எடம்னுகூட. எனக்குத்தான் வீட்டுப் பேச்சாச்சே. டென்த்துல ஃபெயிலாகி வீட்டுல கெடந்தவளுக்கு வேற எவன் நாற்காலி போட்டு வேல குடுப்பான்?

வந்த அன்னைக்கே மேடம் சொல்லிட்டாங்க. திவ்யா, இதுல ஒங்கம்மா குரலும் இருக்கு, ஆனா எதுன்னு எனக்குத் தெரியாதுன்னு.

அதேதான் அத்தை நானும் கேட்டேன், எப்படித் தெரியாமப் போகும்னு. அவங்க படிப்புல அப்படி ஒரு மொறையாம். பேசினவங்க பேரு வெளிய வந்தா நாளைக்குக் கங்காணி, மேனேஜருன்னு யாராவது வம்பு பண்ணுவாங்கன்னு, ஆளாளுக்குப் பூப்பேரு வச்சிட்டாங்க. தாமரை, சாமந்தி, கனகாம்பரம், அரளி. எந்தப் பூ யாருன்னு எழுதின தாள, பட்டம் வாங்கினதும் எரிச்சிரணும். எரிச்சாங்க. ரொம்ப நேர்மையா. அதே வருஷம் டிசம்பர்ல அலை வந்துச்சு. இப்ப அவங்களுக்கு மொகம் ஞாபகம் இருக்காம். எந்த மொகத்துக்கு எந்தக் குரல்னு மட்டும் இல்லையாம்.

என்ன வளத்த சித்தப்பாவக் கேட்டாலா? அவரு அப்பவே போர்ட் பிளேயர் வாசி, அம்மாவக் கல்யாணத்துல பாத்ததோட சரி. அப்பாவும் அதே அலையில. எனக்கு அப்ப நாலு வயசு. ரப்பர் பால் காஞ்ச வாடை அம்மா சேலையில அடிக்கும், அது ஞாபகம் இருக்கு. குரலு இல்ல. எவ்வளவு யோசிச்சும் இல்ல.

பயந்து போய்க் கெடக்கேன் அத்தை. சிரிக்காதீங்க. பூரான செருப்பால அடிக்கிறவதான் நான். இந்தப் பட்டன அமுக்கணும்னா வெரலு வேர்த்துருது. ஒவ்வொரு கேசட்டுக்கும் அப்படித்தான். அம்மா வந்து, பேசி, முடிச்சிட்டுப் போயிருவாங்க, நான் பாட்டுக்கு யாரோன்னு எழுதிக்கிட்டு இருப்பேனோன்னு.

ஒங்களுது எதுன்னா கேக்குறீங்க? கனகாம்பரம். அந்த இருமல வச்சே பிடிச்சிட்டேன். மாமாவப் பத்தி என்னமா வஞ்சிருக்கீங்க. சரி சரி, வெளிய சொல்ல மாட்டேன்.

மேடம் எல்லார்கிட்டயும் கடைசியா ஒண்ணு கேட்டிருக்காங்க, ஒங்களுக்கு எதுக்குப் பயம்னு. ஒருத்தர் பூரான்னாரு, ஒருத்தர் மொதலைன்னாரு. கப்பல் வராமப் போறதுன்னு நீங்க சொன்னீங்க. கடலுன்னு ஒருத்தருமே சொல்லல அத்தை. வாசல்லயே கெடந்துச்சு அது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த அரளி ஒண்ணுதான் பாக்கி. மத்ததெல்லாம் யாரு யாருன்னு அந்த வீட்டு ஆளுங்களே வந்து கேட்டு, அழுது, சொல்லிட்டுப் போயிட்டாங்க. இந்த அரளி இருக்கே, பெரிய ரோதன. வாய் நெறைய வெத்தல, ஒரு வார்த்த தெளிவா வராது. துப்பிட்டுப் பேசேன் தாயேன்னு நான் டேப்ப நிறுத்தி நிறுத்தித் திட்டியிருக்கேன். கேட்ட கேள்விக்கு நேரா பதிலும் கெடையாது. ஒங்க கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு மேடம் கேட்டா, ஒனக்கு மொதல்ல ஆச்சா, அதச் சொல்லுங்குது. இதையெல்லாம் போயி ஏன் பேட்டி எடுத்தீங்கன்னு மேடத்துக்கிட்ட கிண்டல் பண்ணினேன். அரளின்னு பொருத்தமாத்தான் பேரு வச்சிருக்கீங்கன்னு வேற சொன்னேன்.

நேத்துதான் கடைசிப் பக்கம் கேட்டேன். பயம் என்னன்னு கேட்டதுக்கு அது சொல்லுது, நான் பெரட்டுக்குப் போறப்ப இவ தூங்கிக்கிட்டு இருப்பா, முழிச்சு என்னத் தேடுவாளேன்னுதான். அப்ப பக்கத்துல ஒரு புள்ள அழுகுது. வந்துட்டேன்டி, திவ்யா, வந்துட்டேன்னுது. அவ்வளவுதான், டேப்பு ஓடி நின்னுருச்சு.

லயத்துல ரெண்டு திவ்யா, ஒங்களுக்குத் தெரியாததில்ல. நானு, அப்புறம் அங்கம்மா மக. அதுவும் அங்கம்மாவும் அலையில போயிட்டாங்க, கேக்க ஆளில்ல. மேடத்துக்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா பாவம், மறுபடியும் கண்ணாடியத் தொடப்பாங்க. அங்கம்மான்னா, எங்கம்மா வேற எந்தக் கேசட்டுலயோ வந்து போயிட்டாங்க, வந்து கேட்டவங்க யாரோ ஆளு மாத்திச் சொல்லிட்டுப் போயிருக்காங்க, இனிமே எங்கன்னு தேடுவேன். எங்கம்மான்னா, இத்தன நாளா காதுக்குள்ளயே பேசியும் எனக்குத் தெரியல.

நீங்க ரெண்டு பேரு கூடவும் ரப்பர் பால் வெட்டினவங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம் அத்தை. அங்கம்மான்னா சும்மா உக்காந்திருங்க. எங்கம்மான்னா என் கையப் பிடிச்சாப் போதும். கைய இங்கதான் வச்சிருக்கேன்.

போடுறேன்.