டி டிரைவில் ஒன்றும் இல்லை

“ஹலோ... தம்பி, நான் அண்ணி பேசறேன்... ஆங், கேக்குது, கேக்குது. கடையில இருக்கீங்களா?... கடைக்கு வந்தவங்களை ஒரு நிமிஷம் உக்காரச் சொல்லுங்க. டி டிரைவ் எங்க தம்பி?... திறக்கலைன்னு சொல்லலை. காணோம்னு சொல்றேன். சி இருக்கு. நீங்க புதுசா மாட்டின டிஸ்க் இருக்கு. டி மட்டும் இல்ல.”

அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். அழைத்தது கணவரின் தம்பியை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். முந்தின நாள் மதியம் அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்து, புது டிஸ்க்கையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

“ஆமா... ஆமா, சி-யைப் பெருசாக்கணும்னு நானும்தான் சொன்னேன்... சரி, பக்கத்துல இருக்கற டி-யை எடுத்தாத்தான் சி-யை நீட்ட முடியும். புரியுது. எடுத்ததை எங்க வச்சீங்க?... தம்பி?... ஹலோ?... என்னது, வைக்கலையா?”

பழைய டிஸ்க்கின் டி என்ற பகுதியில்தான் அவளுடைய எட்டு மாத உழைப்பு இருந்தது. பார்வை இல்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. இந்தத் தடவை ஒரு சட்ட மாணவிக்கு. சாமான் அறையில் நான்கு பக்கமும் கனத்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜின் முனகல் விழாமல் இருக்க அதையும் அணைத்துவிட்டு, வியர்வை வழிய வழிய வாசிப்பாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தால் அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து.

“முப்பத்தொரு பாடம் தம்பி. எட்டுதான் குடுத்திருக்கேன். மிச்சம் இருபத்து மூணும் அதுலதான் இருந்துச்சு... அடுத்த வாரம் தப்பெல்லாம் திருத்தி அனுப்பறதா இருந்தேன்... பன்னிரண்டு நாள்ல பரீட்சை அந்தப் பொண்ணுக்கு. புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?... காப்பியா? காப்பி எடுத்து வைக்கத்தானே அந்த டிஸ்க்கையே வாங்கச் சொன்னேன்!”

குரல் உயர்ந்தது அவளுக்கே கேட்டது. இறக்கிக்கொண்டாள்.

“இல்ல, அழலை. நீங்க சொல்லுங்க... கடைக்கு யாரு வந்தாலும் இதை அழிக்கலாமா, அதை அழிக்கலாமான்னு பத்துத் தடவை கேப்பீங்களே தம்பி. என் விஷயத்துல மட்டும் ஏன் கேக்கலை?... கேட்டீங்களா? யார்கிட்ட?”

மறுமுனையில் அவர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

“...சொல்லுங்க. பரவாயில்ல. உங்க அண்ணன் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்க... ம்... ‘அவ தனியா உக்காந்து பேசிட்டிருப்பா, அதுதான். ஒண்ணும் இல்ல, தூக்கிடு’... ம். டிவி பாத்துக்கிட்டேவா சொன்னாரு?... இல்ல, சும்மாதான் கேட்டேன்.”

இந்த எட்டு மாதத்தில் கணவர் எத்தனையோ தடவை சாமான் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். சட்டை எங்கே, சாவி எங்கே என்றுதான். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காதவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்று அவளே அவருக்காக ஒரு சமாதானம் தேடினாள். கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“தம்பி, புது டிஸ்க்ல இப்ப என்ன இருக்கு?... அவர் படம், சீரியல், மேட்ச்... எல்லாத்தையும் பத்திரமா மாத்தி வச்சிட்டீங்க. சரி. அது போக எவ்வளவு காலி?... முக்கால்வாசியா?”

இப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

“அப்போ இடம் இல்லாம அழிக்கலை... ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க... மாத்த நாலு மணி நேரம் ஆகும்னு நீங்க சொன்னீங்க. அவ்வளவு நேரம் எல்லாம் முடியாதுன்னு அவர் சொன்னாரு... அவ்வளவுதானா? நாலு மணி நேரமா?... நீங்களாவது எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வாயில பஞ்சை வச்சிருந்தாலும் ‘வேண்டாம்’னு சொல்லியிருப்பேனே... அண்ணன் சொன்னாப் போதும்னு நினைச்சீங்க. ஆமா, ஆமா. நினைச்சிருப்பீங்க.”

மறுமுனையில் தம்பி ஏதோ படபடவென்று பேச ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்தாள்.

“இருங்க, மெதுவா... மீட்கலாமா? எப்படி?... மேல எதுவும் எழுதாம இருந்தா... இருங்க இருங்க. கீழே ஏதோ ஓடுது. டவுன்லோட். நேத்து ராத்திரியே போட்டுட்டாரு போல. அறுபத்து நாலு... அறுபத்தஞ்சு சதவீதம்... ஏதோ சீரியல் மொத்தமும்... சி-க்குத்தான் போகுது, டி இருந்த இடத்து மேலேயே... நிறுத்தவா? பிடுங்கவா?... பிடுங்கறேன்!”

மேசைக்கடியில் மண்டியிட்டு, தூசி படிந்த ஒயர்களுக்குள் கையை விட்டு, அகப்பட்ட பிளக்கை இழுத்தாள். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் இறங்கி, அடங்கி, அறை அமைதியானது.

“பிடுங்கிட்டேன்... எவ்வளவு தேறும்?... பாதியா?... அதுக்கும் கீழேயா... சரி. உங்க கடையில முடியாதுன்னா, அழிஞ்சதை மீட்கற தெரிஞ்ச கடை இருக்கா?... பழைய பஸ் ஸ்டாண்டு பின்னாடி, மாடியில. எழுதிக்கறேன்... ஃபைல் பேரெல்லாம் போயிடுமா? வெறும் நம்பரா வருமா?... வரட்டும். எது எந்தப் பாடம்னு ஒவ்வொண்ணா கேட்டுப் பிரிச்சுக்கறேன்... உதவிக்கு உங்க அண்ணனையா?”

மேசைக்கடியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

“அவர் பாவம், அவருக்கு ஏது தம்பி நேரம்... தேறாததை மறுபடி வாசிக்கறேன். பன்னிரண்டு நாள்ல எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்... என்ன?... நீங்களே தெரியாம அழிச்சிட்டீங்கன்னு நான் நம்பற மாதிரி அண்ணன்கிட்ட காட்டிக்கவா? அவருக்குச் சங்கடமா இருக்கும்னா?... வேண்டாம். யாரு சங்கடப்படணுமோ அவங்களே படட்டும்... ஆட்டோ சொல்லிக்கறேன். நீங்க கடையைப் பாருங்க.”

எழுந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றத் தொடங்கினாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது.

“சாயங்காலம் அவர் கேட்டா, கிளம்பிப் போயாச்சு, இனி இந்த வீட்டுக்குத் திரும்பி வர்றதா இல்லைன்னு சொல்லிடுங்க... ஐயோ, பயந்துட்டீங்களா? கம்ப்யூட்டரைத்தான் தம்பி சொன்னேன்.”

கடைசி ஒயரும் வந்துவிட்டது.

“...இப்போதைக்கு கம்ப்யூட்டரைத்தான். வச்சிடறேன்.”