ஜன்னலோர மேசைப் பொண்ணு

இல்லம்மா, பெரிய டீச்சர் இன்னும் வரல. பத்தரை ஆகும். அந்தக் கதவைத் தட்டாத, உள்ள யாருமில்ல. இப்படி வந்து உக்காரு. அந்த பெஞ்சு வேணாம், காலு ஆடும். இதுல உக்காரு, இப்பத்தான் தொடச்சேன்.

சர்டிபிகேட் வாங்கத்தானே வந்த? தெரியும். இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா, இந்த வராண்டாவை மட்டும் கூட்டிடறேன். பயப்படாத, கடிக்க மாட்டான். கடிப்பான், ஆனா வலிக்காது. நாலு பல்லுதான். சுண்டுன்னு கூப்பிடு, திரும்பிப் பாப்பான்.

என்னைத் தெரியலையா? எப்படித் தெரியும், துடைப்பம் நகர்றதைத்தானே எல்லாரும் பாக்கறாங்க. நானும் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். உன்கிட்டருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்டீன்னு எங்க வீட்டுக்காரரே சொல்லுவாரு. இன்னிக்கு என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது.

ஆனா எனக்கு உன்னைத் தெரியும். பரீட்சைக்கு மேசையில நம்பர் ஒட்டறது நான்தான். நாலாப்பு வரைக்கும்தான் போனேன். எழுத்து தடுமாறும், நம்பர் தடுமாறாது. உன்னுது கடைசியில முப்பத்தேழு. ஜன்னலோரம், மூணாவது மேசை. மேசை ஆடுதுன்னு ஒரு காகிதத்தை மடிச்சு முட்டுக் குடுத்தியே, அதை நான் கூட்டாம விட்டேன். நாளைக்கும் உனக்கு வேணுமில்ல.

எத்தனை மார்க்கு கொறைஞ்சுது? ரெண்டா? ரெண்டே ரெண்டா? நர்சிங் காலேஜுல அந்தக் கோட்டைக் கொஞ்சம் இறக்க மாட்டாங்களாமா?

அதான், கிளார்க்கு சாரும் அதைத்தான் சொல்றாரு. அறுபது இடத்துக்கு ஆயிரம் பேரு நின்னா எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்னு. அவரு சொல்றப்ப சரியாத்தான் இருக்கு. வாளியைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா சரியில்லாத மாதிரி ஆயிடுது.

இப்ப பாரு, இவனை மாசாமாசம் எடை போட சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போவேன். அங்கயும் ஒரு கோடு. அதுக்குக் கீழ இருந்தா பால் பவுடர் டப்பா குடுப்பாங்க. போன தடவை இந்தப் பய வயிறு முட்டக் குடிச்சுட்டுப் போய்த் தராசுல உக்காந்தான். அம்பது கிராம் கூட. டப்பா கெடையாதுன்னுட்டாங்க. எனக்குப் பின்னாடி நின்ன பிள்ளை, கன்னம் ரெண்டும் இவனைவிட உப்பலு, தராசுல வெக்கறதுக்கு முன்னாடி அவங்கம்மா மடியை நனைச்சுடுச்சு. டப்பா அதுக்கு.

சிரிக்காத. சரி, சிரி, இப்பத்தான் உன் மூஞ்சி மூஞ்சியா இருக்கு.

தராசு பொய் சொல்லலம்மா. நர்சு மேலயும் தப்பில்ல. ஏறுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தராசுக்கு எப்படித் தெரியும், சொல்லு.

திரும்பப் பாக்கச் சொல்லி மனு குடுக்கலாமே. இன்னிக்குத்தானே கடைசி நாளு?

ஓ. விடைத்தாள் நகலை வாங்கியே பாத்துட்டியா. அதுல நீ படம் வரைஞ்ச பக்கமே இல்லையா. கூடுதல் தாள் மூணுன்னு நீயே முன்பக்கத்துல எழுதியிருக்க, உள்ள ரெண்டுதான் இருக்கு. அவங்க என்ன சொன்னாங்க? அவசரத்துல நீ தப்பா எழுதிட்டன்னு சொன்னாங்களா?

உங்கப்பா? எழுதாததை எழுதினேன்னு நீ சாதிக்கறன்னு சொன்னாரா. அடிச்சாரா? ம். அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. பேசாம இருக்கறதுதான் தாங்காது. அப்ப துணிக்கடையில பில்லு போடப் போறது நெசந்தானா? திங்கக்கெழமையேவா?

என்ன சொன்ன? உனக்கே சந்தேகம் வந்துடுச்சா? நெசமா வரைஞ்சேனா, இல்ல வரைஞ்ச மாதிரி நெனப்பான்னு?

அப்படிச் சொல்லாத கண்ணு. அதை மட்டும் சொல்லாத. இரு, இந்தத் துடைப்பத்தை ஓரமா வெச்சுட்டு வரேன்.

வாசல்ல முன்னாடி ஒரு மீசைக்கார வாட்ச்மேன் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? உங்க உயிரியல் பரீட்சை அன்னிக்கு அவரு மச்சானைத் தண்ணி குடிக்க உள்ள விட்டாரு. தண்ணிதான், வேற ஒண்ணுமில்ல. மறுநாள் காலையில பெரிய டீச்சர் எங்களையெல்லாம் வரிசையா நிக்க வெச்சு, பரீட்சை நேரத்துல வெளியாளு ஒரு ஈ நுழைஞ்சாலும் வேலை இல்லைன்னு சொல்லி, அங்கயே அவரு கையில இருந்து சாவியை வாங்கிட்டாங்க. வரிசையில கடைசியா நின்னவ நான். எங்க வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு கட்டில்ல கெடக்காரு. என் சம்பளம்தான் அடுப்பு. வாயைத் திறக்கணும்னுதான் வந்து நின்னேன். அந்தச் சாவியைப் பாத்ததும் துடைப்பத்தை எடுத்துட்டு மேல போயிட்டேன்.

ஏன்னா முந்தின நாள் நானும் ஒரு ஈயை உள்ள கொண்டாந்திருந்தேன். பிள்ளையை வழக்கமாப் பாத்துக்கற எதிர்வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். வேற ஆளில்ல. ஸ்டோர் ரூம்ல துணி விரிச்சு இவனைத் தூங்க வெச்சேன். உங்க விடைத்தாளையும் வண்டி வர வரைக்கும் அங்கதான் அடுக்கி வைப்பாங்க, அரக்கு வெச்சு மூடறதுக்கு முன்னாடி. நான் மேல கூட்டிட்டு இறங்கி வந்தா, இவன் முழிச்சு, நல்ல பிள்ளையா உக்காந்து சிரிச்சுட்டிருக்கான். யாராவது வந்துடப் போறாங்களேன்னு துணியோட வாரிச் சுருட்டிட்டு ஓடினேன். வீட்டுல போய்த் துணியைப் பிரிச்சாத்தான் உள்ள இந்தத் தாளு, இந்தா பாரு.

உன் படம் நல்லா இருக்கும்மா. நான் தெனமும் பாக்கறேன். இதயம்தானே அது? இந்தப் பக்கம் ரெண்டு அறை, அந்தப் பக்கம் ரெண்டு அறை. அம்புக்குறியெல்லாம் ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்க. மேல முப்பத்தேழு. நூலு கூட ஓட்டையிலயே தொங்குது. நீ சரியாத்தான் கட்டியிருக்க, இவன்தான் இழுத்துட்டான். இந்த மூலையைப் பாரு, நமுத்துப் போன மாதிரி இருக்கில்ல. அப்ப ரெண்டு பல்லுதான் இவனுக்கு.

அழுவாத. தாள்ல படும்.

ஏத்துப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. திட்டணும்னா திட்டு, அதுக்கும் நேரம் இருக்கு. ஆனா உங்கப்பா கண்ணால பாக்கட்டும்.

அதோ, பெரிய டீச்சர் வந்துட்டாங்க. எந்திரி. நான் முன்னாடி போறேன். இல்லல்ல, இவனை நீயே வெச்சிரு. எனக்கு ரெண்டு கையும் வேணும். தாள் கசங்கிடக் கூடாதில்ல.