மூணாவது ரூம் கதவு

— இந்தத் தகரப் பெட்டிப் பூட்டை உடைக்க வேண்டாம்மா. சாவி என்கிட்ட இருக்கு. தொலைச்சுத் தொலைச்சு கடைசில ஒண்ணை என் கையில குடுத்துட்டான் உன் புருஷன். "அண்ணே, நீங்க வச்சுக்குங்க, நான் என் தலையையே ஒரு நாள் எங்கயாவது வச்சுட்டு வந்துடுவேன்"னு.

— குடுங்கண்ணே. நானே திறக்கறேன்.

— துரு ஏறியிருக்கும். கொஞ்சம் மேல தூக்கித் திருப்பு. ம், அவ்வளவுதான்.

— இவ்வளவுதானா? ஒரு துண்டு, ஒரு சீப்பு, சார்ஜர். போனு?

— போனை போலீஸ்ல எடுத்துட்டுப் போயிட்டாங்க. குளிர் ரூமுக்குள்ள போனா போனை இங்க வச்சுட்டுத்தான் போகணும். அது இங்க ஒரு சட்டம்.

— பத்தொம்பது தடவை அடிச்சேன். ஆறு மணிக்கு எனக்கு டூட்டி முடிஞ்சதுலேர்ந்து ஏழு அம்பது வரைக்கும். இந்தத் தகரப் பெட்டிக்குள்ளதான் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

— அதை ஏம்மா இப்ப எண்ணிக்கிட்டு.

— எண்ணுறதுதானே என் வேலை. இந்தக் கோட்டு அவரோடதா?

— ஆமா. காலர்ல நம்பர் இருக்கும் பாரு.

— அன்னிக்கு இதைப் போட்டுக்கலையா?

— ரெண்டு நிமிஷ வேலைக்கு யாரும்மா கோட்டு மாட்டுவா? எட்டுப் பெட்டியை எண்ணிட்டு வரணும், அவ்வளவுதான். சூப்பர்வைசர் போற போக்குல அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லிட்டு பைக்கை எடுத்துட்டாரு. எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை அரை நாள். நாங்க கை கால் கழுவிக்கிட்டிருந்தோம். அவனும் கிளம்பிட்டான்னு நினைச்சேன்.

— நாளைக்கு எத்தனை மணிக்கு விசாரணை?

— பத்து மணிக்கு. மேலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்களாம்.

— கதவை யாரு சாத்தினதுன்னு கேப்பாங்க.

— நான்தான்னு சொல்லுவேன். அன்னிக்கே ஆஸ்பத்திரி வாசல்ல உன் காலைப் பிடிச்சுச் சொன்னேனே. நீ ஒரு வார்த்தை திட்டலை. திட்டித் தொலைச்சிருந்தாலாவது ராத்திரி கொஞ்சம் கண்ணு மூடியிருப்பேன்.

— ஏன் சாத்தினீங்கன்னு கேப்பாங்க.

— திறந்து கிடந்துச்சு, சாத்தினேன். இதுல என்ன ஏன்?

— நீங்களாவா?

— நானாத்தான்.

— யாரும் சாத்தச் சொல்லலை?

— யாரும் சொல்லலை. விடும்மா. அந்தத் துண்டைக் குடு, மடிச்சுத் தர்றேன்.

— கதவிடுக்குல ஒரு கட்டை இருந்துச்சாமே.

— யாரு சொன்னா உனக்கு?

— வாசல்ல வாட்ச்மேன். நேத்து. இருந்துச்சா, இல்லையா?

— என்னத்தச் சொல்ல. இருந்துச்சு. அந்த ரூமுக்கு உள்பக்கமா ஒரு குமிழ் இருக்கும்மா. தெரியாம யாராவது வெளிய சாத்திட்டா, உள்ள இருக்கறவன் அதை அமுக்கித் தள்ளிட்டு வந்துடலாம். அது உடைஞ்சு நாலு மாசம் ஆச்சு. அதனால எவன் உள்ள போனாலும் கட்டையை வச்சுட்டுத்தான் போவான். வெளிய வந்தா எடுக்கணும். பாதி நாள் எடுக்க மாட்டோம், அது பாட்டுக்குக் கிடக்கும். அதனால கட்டையைப் பார்த்தா உள்ள ஆள் இருக்குன்னே தோணறதில்ல. எட்டிப் பார்த்தேன். அடுக்கு அடுக்கா பெட்டிதான் தெரிஞ்சுது. உள்ள ஃபேன் போடற சத்தத்துல கூப்பிட்டாலும் கேக்காது. காலால கட்டையைத் தள்ளிட்டு இழுத்துச் சாத்தினேன். இந்தக் கால்தான்.

— நாலு மாசமா ஒருத்தருமா மேல சொல்லலை?

— சொல்லலையா? உன் புருஷனே மூணு தடவை சொன்னான். சூப்பர்வைசர், "உடைஞ்சிருக்கு"ன்னு எழுதினா ரூமையே மூடச் சொல்லுவாங்க, எங்களுக்கு வேலை போயிடும்னு, "குமிழ் கொஞ்சம் இறுக்கமா இருக்கு"ன்னு எழுதினாரு. இன்ஜினியர் அதைப் பார்த்துட்டு "எண்ணெய் போடவும்"னு எழுதினாரு. ஒருத்தன் வந்தான், போட்டான், போயிட்டான். ஒடிஞ்ச காலுக்குத் தைலம் தடவின கதை. மேல போன தாள்ல "சரி செய்யப்பட்டது"ன்னு போயிருக்கு. ஒருத்தனும் பொய் சொல்லலைம்மா. ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சம் மெதுவாச் சொன்னான், அவ்வளவுதான்.

— ஹெட் ஆபீஸ்ல நான் பாக்கற திரையில குமிழே கிடையாதுண்ணே.

— எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்.

— நாப்பது குடோன், முந்நூத்திப் பதினாலு கதவு. சாத்தியிருந்தா பச்சை. திறந்திருந்தா சிவப்பு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல சிவப்பா நின்னா போன் போட்டுச் சாத்தச் சொல்லணும். "ஏன் திறந்திருக்கு"ன்னு எழுதறதுக்கு அதுல இடமே இல்ல. திறந்து போடறாங்க, சோம்பேறிங்கன்னு மாசா மாசம் உங்க குடோன் பேரைத்தான் மீட்டிங்ல படிப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கும்.

— எங்களுக்கும்தான். கதவைத் திறந்து போடக் கூடாதுன்னு ஒரு சர்க்குலர் வந்துச்சே, கதவுலயே ஒட்டியிருக்கு.

— எனக்கு இங்க என்ன பேருன்னு தெரியும். கதவக்கா.

— ஐயையோ. அது பசங்க சும்மா விளையாட்டுக்கு...

— அவரும் அப்படித்தான் சொல்லுவாரா?

— சேச்சே. போன் அடிச்சா பசங்க, "டேய், மேலிடம்டா"ன்னுவாங்க. இவன், "அது எங்க வீட்டு மேலிடம், மரியாதையாப் பேசுங்கடா"ன்னுவான். அவனுக்கு அதுல ஒரு பெருமை.

— கல்யாணமான புதுசுல ஒரு நாள் கதவுக்காகப் போன்ல அவரைத் திட்டிட்டேன். எல்லார் முன்னாடியும் ஸ்பீக்கர்ல கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து மூணு நாள் முகம் குடுக்கலை. அப்புறம் ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம், வேலையைச் செருப்போட வாசல்லயே விட்டுடணும்னு. ஆறு வருஷம் அதை மீறலை. அக்கம்பக்கத்துல எல்லாம் பெருமையடிச்சுக்கிட்டேன், நாங்க சண்டையே போட மாட்டோம்னு. பக்கத்துல படுத்துக்கிட்டு, குமிழ் உடைஞ்சிருக்குன்னு அவர் சொல்லலை. அந்தக் கதவு மட்டும் ஏன் எப்பவும் சிவப்பா இருக்குன்னு நான் கேக்கலை.

— அழாதம்மா. இந்தா, உக்காரு. பெஞ்சு ஈரமா இருக்கு, இரு, துடைக்கறேன்.

— பாக்கெட்ல என்ன தாள்?

— ஒண்ணுமில்ல.

— நாளைக்குக் குடுக்கறதுக்குத்தானே? காட்டுங்க.

— கிழிச்சுடாதம்மா, ஒண்ணரை நாள் உக்காந்து எழுதினது.

— "மூணாவது ரூம் கதவு திறந்து இருந்ததைப் பார்த்து, யாரும் சொல்லாமல், நானாகவே சாத்தினேன். தவறு என்னுடையது மட்டும்." இது யாரு சொல்லி எழுதினீங்க?

— எழுதினது நான்தான். சூப்பர்வைசர் படிச்சுப் பார்த்துட்டு, ரொம்பச் சரியா இருக்குன்னாரு.

— இருக்காதா பின்ன? இதுல குமிழும் இல்ல, கட்டையும் இல்ல, போனும் இல்ல.

— எந்தப் போனு?

— ஒண்ணு பன்னெண்டுக்கு வந்த போனு.

— அப்படி எதுவும் வரலை.

— அண்ணே, நான் பேசினது எனக்குத் தெரியாதா? "மூணாவது ரூம் ஏழு நிமிஷமா திறந்திருக்கு, சாத்துங்க"ன்னேன். "இதோ ஆச்சும்மா"ன்னீங்க. கூடவே, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டீங்க. ஒண்ணு பதினாலுக்குப் பச்சையாச்சு. பதினாறு நாளா அந்தப் பச்சைதான் கண்ணுல நிக்குது.

— தெரியுமா உனக்கு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னை வாயைக் கிண்டின?

— நீங்க சொல்லுவீங்களான்னு பார்த்தேன்.

— எப்படிம்மா சொல்லுவேன்? புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கற பொண்ணுகிட்ட, நீ சொல்லித்தான் சாத்தினேன்னு எந்த வாயால சொல்றது? உன்னை வேலையை விட்டு எடுப்பாங்க. நாளைக்கு நாலு பேர் நாக்குல போட்டு உன்னை மெல்லுவாங்க. எனக்கென்ன, முதுகு போயிடுச்சு, இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. என்னோட போகட்டும்னு நினைச்சேன்.

— உங்களோட எங்கண்ணே போகும்? "தொழிலாளி தவறு"ன்னு ஒரு வரி எழுதி மூடிட்டுப் போயிடுவாங்க. அந்தக் குமிழ் அப்படியே இருக்கும். இன்னும் எத்தனை குடோன்ல, எத்தனை கதவுல கட்டையை வச்சுக்கிட்டு வேலை பாக்கறாங்களோ, யாருக்குத் தெரியும்? சூப்பர்வைசர் உங்க மேல இரக்கப்பட்டு மெதுவா எழுதினாரு. நீங்க என் மேல இரக்கப்பட்டு எழுதறீங்க. இரக்கப்பட்டுப் பட்டே அவரைச் சாகடிச்சுட்டோம்.

— அப்படிச் சொல்லாதம்மா.

— வேற எழுதுங்க. குமிழ், கட்டை, எண்ணெய், எல்லாம். போன் பண்ணினது யாருன்னும் எழுதுங்க. என் பேரைப் போடுங்க.

— கை வராதும்மா.

— நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பேனா இருக்கா?

— இருக்கு. ஆனா ஒண்ணு கேளு. எழுதறேன், நீ சொல்றபடியே எழுதறேன். அதுக்கு முன்னாடி மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். டாக்டர்கிட்ட நான் தனியாப் போய்க் கேட்டேன், அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமான்னு. குளிர்ல அப்படி இல்லையாம். கொஞ்ச நேரத்துலயே தூக்கம் மாதிரி வந்துடுமாம். பெட்டி மேல சாஞ்சு அப்படியே தூங்கியிருப்பான். கதவு சாத்தினதே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. யாரையும் கூப்பிட்டு, யாரும் வராம, அப்படியெல்லாம் அவன் தவிக்கலைம்மா. அதை மட்டும் நெஞ்சுல வச்சுக்காத.

— கூப்பிட்டாருண்ணே.

— யாரை?

— என்னைத்தான்.

— என்னம்மா சொல்ற?

— எங்க திரையில சிவப்பு, பச்சை தவிர மஞ்சள்னு ஒண்ணு இருக்கு. கதவு அதிர்ந்தா வரும். வாசல்ல லாரி போனாக்கூட வரும், அதனால அதை யாரும் மதிக்கறதில்ல, "பார்த்தாச்சு"ன்னு ஒரு பட்டனை அமுக்கினா போயிடும். ஒண்ணு இருபதுலேர்ந்து ரெண்டு நாப்பது வரைக்கும் மூணாவது கதவுல பதினொரு தடவை மஞ்சள் வந்துச்சு. பதினொரு தடவையும் "பார்த்தாச்சு"ன்னு அமுக்கினேன்.